மூடாத டிராயர்

என் அக்கா வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்கியவர், தான் மட்டும் எட்டு மாடிக்கு மேல் போனதில்லை. அந்தக் குறை தீர, கார் ஷெட்டில் ஒற்றை ஆள் விமானம் ஒன்றைக் கட்டினார். ஒன்பது வருஷம். கார் வெளியே வெயிலில் நின்று வெளுத்தது.

எல்லாம் முடிந்தும் இஞ்சினின் மூக்கு மட்டும் அடம் பிடித்தது. தரையில் ஓடும்போது தூசி போகாமல், காற்று இழுக்கும் வாயை ஒரு தகடு முக்கால்வாசி மூட வேண்டும். மேலே போனதும் முழுதாகத் திறக்க வேண்டும். ஓட்டுபவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கம்பியால் அதை நகர்த்த வேண்டும். மச்சான் செய்த தகடுகள் சிக்கின, சிக்காதவை கடகடவென்று ஆடின. சோதனை அதிகாரி இரண்டு தடவை வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். மூன்றாவதும் தவறினால் அடுத்த வருஷம்தான். ஆனால் மச்சானின் கண்ணுக்கு இந்த வருஷத்தோடு சரி, இனி ஓட்டச் சான்று தர முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் அக்காவின் டிராயர் அவர் கண்ணில் பட்டது. புது அடுப்படி, லேசாகத் தள்ளினால் தானே சத்தமில்லாமல் போய் மூடிக்கொள்ளும் டிராயர். அக்கா கடைக்குப் போய் வருவதற்குள் அது வழுக்கி ஓடும் சேனலைக் கழற்றி இஞ்சினில் மாட்டிவிட்டார். "இதுக்கு ஏன் கோவிச்சுக்கிற? உனக்கு நானே ஒண்ணு செஞ்சு தரேன்" என்று ஸ்பிரிங் வைத்து ஒரு சேனல் செய்தும் கொடுத்தார். ஸ்பிரிங்கை எந்தப் பக்கம் மாட்டினாரோ, டிராயர் மூடிய வேகத்தில் திறந்து அக்காவின் இடுப்பில் இடித்தது. நாலு மாசம் இடித்தது. சொன்னால், "டிராயரா இப்ப முக்கியம்?" என்பார். அவரை நான் திட்டாத நாளில்லை, அவர் வீட்டுப் படியை நான் இறங்கிய பிறகு.

மூன்றாவது தடவையாக அதிகாரி வந்தார். இஞ்சின் ஓடியது. தகடு வழுக்கிக்கொண்டு போய் வந்தது. "பாத்தியா மாப்ளே" என்றார் மச்சான் என்னிடம்.

"கம்பி அறுந்தா என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே அதிகாரி கம்பியைக் கழற்றிவிட்டார். இஞ்சின் உதறலில் தகடு மெல்ல நகர்ந்தது. பிறகு அக்காவின் டிராயர் முன்பு எப்படி மூடுமோ அப்படியே, அருமையாக, சத்தமில்லாமல், முழுசாக மூடிக்கொண்டது. இஞ்சின் இருமிவிட்டு நின்றது.

"இது வானத்துல நடந்தா?" என்று கேட்டு, அதிகாரி பேனாவை மூடினார். மச்சானின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை நாள் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது.

ஷெட் வாசலில் நின்ற அக்கா வீட்டுக்குள் போனாள். மச்சான் செய்த சேனலை டிராயரிலிருந்து கழற்றி எடுத்து வந்தாள்.

"ஒரு மணி நேரம் இருங்க சார். இதை மாட்டினா, நாம மூடினாலும் அது திறந்துக்கும்" என்றாள் அதிகாரியிடம்.

மாட்டினார்கள். அதிகாரி மறுபடி கம்பியைக் கழற்றினார். தகடு படாரென்று திறந்தது. பத்துத் தடவை செய்து பார்த்தார், பத்துத் தடவையும் திறந்தது.

"யார் டிசைன் பண்ணது?"

"நான்தான்" என்றார் மச்சான், கொஞ்சமும் கூசாமல்.

கையெழுத்து விழுந்தது. அதிகாரி போனதும் மச்சான் அக்காவிடம் கேட்டார். "உனக்கு எப்படித் தோணுச்சு?"

"நாலு மாசமா இடி வாங்குறவளுக்குத் தெரியாதா?"

மச்சான் அக்காவின் இடுப்பைப் பார்த்தார். அப்புறம், நாலு மாசத்தில் முதல் தடவையாக, "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.