திட்டு வாங்க இரண்டு முதலாளிகள்

என் பெண் கோல் கீப்பர். திருப்பதியில் ஒரு பெண்கள் கால்பந்து கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தாள். அந்தக் கிளப்புக்கு இரண்டு முதலாளிகள். அதாவது, கோப்பை வாங்கி போட்டோ எடுக்கும்போது இரண்டு முதலாளிகள். சம்பளம் கேட்கப் போனால் ஒருவரும் இல்லை.

ஒருவர் லாட்ஜ் வைத்திருப்பவர். கிளப்பை ஆரம்பித்தவர் அவர்தான். பந்து உருண்டையாக இருக்கும் என்பதைத் தவிர கால்பந்தைப் பற்றி அவருக்கு வேறெதுவும் தெரியாது. ஆனாலும் கிளப் நடத்துகிறவர் என்றால் ஊரில் நாலு பேர் எழுந்து வணக்கம் வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருடம் வணக்கம் வாங்கினார், அலுத்துவிட்டது. மனை வியாபாரம் செய்யும் இன்னொருவருக்குக் கிளப்பை விற்றார்.

விற்றார் என்றா சொன்னேன்? எங்கள் பக்கத்தில் நிலம் விற்பதுபோல விற்றார். அதாவது முத்திரைத்தாளில் ஒரு அக்ரிமெண்ட், கையில் கொஞ்சம் அட்வான்ஸ், மீதி ரிஜிஸ்ட்ரேஷன் அன்றைக்கு. இவர்களுக்குத் தெரிந்த வியாபாரம் அது ஒன்றுதான். மனை அக்ரிமெண்ட் எழுதுகிற ஆளையே பிடித்து எழுத வைத்திருக்கிறார்கள். அவர் பழக்க தோஷத்தில் கிளப்புக்குக் கிழக்கே ரோடு, மேற்கே கால்வாய் என்று நான்கு எல்லையும் போட்டுவிட்டார். கிணறு, மரம், மாமூல் வழிப்பாதை உட்பட என்றும் சேர்த்திருந்தாராம். கிரவுண்டே வாடகைக் கிரவுண்டு. கோல் கம்பம்கூட வாடகைதான்.

ரிஜிஸ்ட்ரேஷன் அன்றைக்கு என்று எழுதிவிட்டார்களே தவிர, ஓடுகிற பெண்களை எந்த சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் ரிஜிஸ்டர் செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. அந்த நாள் வரவே இல்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், கிளப் என்னுடையது என்றார் மனைக்காரர். மீதி வரவில்லை, கிளப் என்னுடையது என்றார் லாட்ஜ்காரர். கடன் என்று வந்தால் அப்படியே தலைகீழ். அட்வான்ஸ் கொடுத்தவனைக் கேள் என்பார் இவர். மீதி வாங்காதவனைக் கேள் என்பார் அவர். ஜெர்சி தைத்த கடைக்காரர், பஸ்காரர், கிரவுண்டுக்காரர், எங்கள் பெண்கள் எல்லோரும் இரண்டு வீட்டுக்கும் நடுவே பந்து மாதிரி உருண்டுகொண்டிருந்தார்கள். ஒரு சீசன் முழுக்க என் பெண்ணுக்கு ஒரு பைசா வரவில்லை.

நான் நகரிக்காரன். ஆந்திர எல்லைக்குள் தமிழ் பேசுகிற ஊர். வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. தறிச் சத்தத்தில் பேசிப் பேசி எங்களுக்குக் கத்துவதுதான் பேச்சு. எங்கள் வீட்டில் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவில் பதில் சொல்வார்கள். ஆனால் என் பெண் மட்டும் சத்தமே போடாதவள். பந்து தன் முகத்தை நோக்கி வரும்போதுகூட வாயைத் திறக்க மாட்டாள். கையைத்தான் நீட்டுவாள்.

ஒரு நாள் தறியை நிறுத்தச் சொன்னாள். தறியை நிறுத்தச் சொன்னால் செய்தி பெரிது என்று அர்த்தம்.

"நைனா, சென்னையில ஒரு கிளப்ல கூப்புடுறாங்க. தங்க எடம், துன்ன சோறு, மாசச் சம்பளம் எல்லாம் அவங்களே குடுக்குறாங்களாம். இங்கேர்ந்து ரிலீஸ் லெட்டர் மட்டும் வேணுமாம். ஜூன் தாண்டுனா இந்த வருசம் எடம் இல்ல."

"இங்க வரவேண்டிய சம்பளம்?"

"அது வராது நைனா. அத உடு."

அவளுக்கு இருபது வயது. இந்த வருடம் போனால் அடுத்த வருடம் கூப்பிடுவார்கள் என்று எந்த நிச்சயமும் இல்லை. ஆனால் அடுத்த வருடம் என் மனைவியின் அண்ணன் ஒரு மாப்பிள்ளையோடு வருவார் என்பது நிச்சயம். அவர் இப்போதே போனில் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். அவளுக்குப் போகிற வழி அந்த ஒரு காகிதம்தான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரிலீஸ் லெட்டர் கேட்டதும் கிடைத்தது. ஒன்றல்ல, இரண்டு. லாட்ஜ்காரர் ஒன்று கொடுத்தார், மனைக்காரர் ஒன்று கொடுத்தார். இரண்டிலும் பெண்ணைப் பற்றி ஒரு வரி. மீதி பக்கம் முழுக்க மற்றவன் முதலாளியே இல்லை என்று இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு லீக் ஆபீசுக்குப் போனோம். எந்த லீக் ஆபீஸ்? மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது லீக்கும் இரண்டாகிவிட்டது. திருப்பதியில் கேட்டால் இந்தக் கிளப்பின் பழைய பதிவு சித்தூரில்தான் இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். சித்தூரில் கேட்டால் கிளப் திருப்பதியில்தானே இருக்கிறது என்றார்கள். புத்தலப்பட்டு வழியாகப் போய்ப் போய் அந்தப் பஸ் கண்டக்டருக்கே என் பெண்ணின் கேஸ் தெரிந்துவிட்டது. அவர்தான் ஒழுங்காக விசாரித்தார்.

கடைசியில் சித்தூர் செயலாளர் உட்காரச் சொன்னார். ரிட்டயரான பி.டி. மாஸ்டர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கியது. இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டு, "ரெண்டு லெட்டர்லு உன்டே, லெட்டர் லேனட்டே" என்றார். இரண்டு இருந்தால் ஒன்றுமே இல்லாத மாதிரியாம். ஒன்று, கோர்ட் உத்தரவு கொண்டு வரவேண்டும். அல்லது இரண்டு பேரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அது வந்தபிறகு, ஆட்டக்காரருக்குச் சம்பளப் பாக்கி எதுவும் இல்லை என்பதையும் பார்த்துத்தான் ரிலீஸ்.

"ஆட்டக்காரங்களைக் காப்பாத்தத்தான் இந்த ரூல்" என்று தமிழிலேயே பெருமையாகச் சொன்னார். காப்பாற்றட்டும் என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரே காகிதத்தில் இரண்டு கையெழுத்து என்பதுதான் எனக்கு மலையாகத் தெரிந்தது. ஒரே கல்யாணத்தில் இரண்டு பந்தியில்கூடச் சாப்பிடாதவர்கள் அவர்கள்.

இதற்குள் மே மாதம் வந்து, கங்கம்மா ஜாத்திரையும் வந்தது. என் மாமியார் வீடு திருப்பதி. கல்யாணமான வருடத்திலிருந்து ஜாத்திரைக்கு நான் வேஷம் போடுகிறேன். ஆண்கள் புடவை கட்டிக்கொண்டு, மஞ்சள் பூசி, வேப்பிலையோடு தெருவில் இறங்குவது அங்கே வழக்கம். வேஷம் போட்டவன் யாரை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். திட்டு வாங்கியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது அம்மனே திட்டுவது, வீட்டுக்கு நல்லது என்று நம்பிக் கும்பிடுகிறவர்களும் உண்டு. ஜாத்திரை முடிந்து வேஷத்தைக் கலைத்துவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். பிறகு திட்டினால் போலீஸ் ஸ்டேஷன்தான்.

"எம் பொடவையக் கிழிச்சிக்கினு வந்தா வாசல்லயே நில்லு" என்று சொல்லிவிட்டு என் மனைவி கொசுவம் வைத்துவிட்டாள். கனகாம்பரம், கண்ணாடி வளையல், நெற்றி நிறையக் குங்குமம். மீசையை மட்டும் எடுக்கவில்லை. அதற்கு அவள் சம்மதிக்கவில்லை.

முதல் நாள் எனக்கு எந்தத் திட்டமும் கிடையாது. இருந்ததெல்லாம் கோபம்தான். மாமியார் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி லாட்ஜ்காரர் வீடு. கால் தானாக அங்கே போய் நின்றது. பாதி தெலுங்கு, பாதி தமிழ். தறிக்காரன் தொண்டை. அச்சில் ஏறக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

"கிளப் மொதலாளி! வெளிய வாடா! பொண்ணுங்கள வெயில்ல ஓடவுட்டு, அவங்க சம்பளத்துல ஏசி மாட்டிக்கினு தூங்குறவனே! ஜெர்சிக்குத் துட்டு குடுக்காதவனே, நீ கட்டிக்கினு இருக்குற வேட்டிக்காவது குடுத்தியாடா?"

அவர் வந்தார், கைகூப்பிக்கொண்டு. அவர் மனைவி சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினார். நான் திட்டத் திட்ட அந்த மனிதர் முகம் மலர்ந்தது. அவர் நெளிவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவரோ தெரு முழுக்கக் கேட்கும்படி கிளப் முதலாளி என்று கூப்பிட்டதில் குளிர்ந்துபோய் நின்றார். யாரோ அதைப் போனில் பிடித்துப் பரப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை மாமியார் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மனைக்காரர். அவர் பிச்சாட்டூர் பக்கம், நம் தமிழ்தான். உட்காரக்கூட இல்லை.

"இன்னாண்ணா இது, நாயமா? ஓனர் நானு. நீ அவன் வீட்ல போய் நின்னுக்கினு ஓனர்னு திட்டிட்டு வந்துக்கிற. நாளைக்கு லீக்ல அந்த வீடியோவக் காட்ட மாட்டானா? அம்மனே சொல்ட்டான்னு ஊர்ல பேசுறாங்க. இன்னிக்கி எங்க வீட்டுக்கு வந்து என்னத் திட்டணும்."

முப்பது வருடமாகத் திட்டியிருக்கிறேன். திட்ட வரச்சொல்லிக் கார் வந்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. உள்ளே என் பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு இறங்கி, யோசனை வந்தது.

"சார், வேஷம் போட்டுக்கினு பொய் சொல்லக்கூடாது. ஓனர்னா கடனும் சேந்துதான் ஓனர். பாக்கியெல்லாம் என்னுதுன்னு தெருவுல ஒத்துக்கினா வந்து திட்டறேன்."

"ஒத்துக்கிறேன்! எல்லாம் என்னுதுதான்! நீ வந்து திட்டு!"

என் பெண் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் ஒரு காகிதம் டைப் அடித்துக்கொண்டு வந்தாள். ரிலீஸ் மட்டும் நாலு வரி. கீழே கையெழுத்துக்கு இரண்டு இடம். அதை மடித்து ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டேன். பெண்கள் பத்திரத்தை ஏன் அங்கே வைக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. யாரும் கேட்க மாட்டார்கள்.

மனைக்காரர் வீட்டு வாசலில் அவரே கூட்டம் சேர்த்து வைத்திருந்தார். நான் ஆரம்பித்தேன். சம்பளக் கடன்காரா என்றேன், ஆமாம் தாயே என்றார். ஜெர்சிக் கடன்காரா, ஆமாம் தாயே. பஸ் கடன்காரா என்று கேட்பதற்குள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு லாட்ஜ்காரர் வந்துவிட்டார். யாரோ போன் போட்டிருக்கிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே, "அதி நா அப்பு!" என்று கத்தினார். அது என் கடன் என்று.

"உங்கடன் எப்புடிடா? நாந்தான அட்வான்ஸ் குடுத்தேன்!" என்றார் மனைக்காரர். ஒரு வருடமாக ஒருவர் தலையில் ஒருவர் கட்டிய கடனை, நடுத்தெருவில், நீ விடு, நீ விடு என்று இழுத்துக்கொண்டார்கள். ஜெர்சிக் கடைக்காரரும் கூட்டத்தில் இருந்தார். அவர் கண்ணில் தண்ணீர். கடன் வசூலாகும் என்று அல்ல, இதையும் பார்க்கக் கொடுத்து வைத்திருந்ததே என்று.

நான் வேப்பிலையை ஓங்கினேன். "ரெண்டு பேரும் ஓனர்தாண்டா! ஓனருன்னா போடுங்கடா கையெழுத்து!" காகிதத்தை உருவினேன். யார் கையெழுத்து மேலே வருவது என்று ஒரு சண்டை ஆரம்பித்தது. அதற்கும் ஒரு திட்டு திட்டினேன், பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். குங்குமக் கை பட்டு ஓரம் சிவந்துபோனது. இரண்டு பேரும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். என் மனைவியின் புடவை கிழியவே இல்லை.

ஜாத்திரை முடிந்தது. தலைக்குக் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, மறுநாளே பெண்ணோடு சித்தூர் பஸ் ஏறினேன். செயலாளர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையெழுத்து இரண்டும் உண்மைதானா என்று போன் போட்டார். இரண்டு பேரும் ஆமாம் என்றார்கள். வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு, மேஜைக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்து என் பெண்ணிடம் தள்ளினார்.

"பாக்கி ஏதும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா."

"இருக்குதே சார்" என்றேன். "ரெண்டு பேரும் தெருவுல ஒத்துக்கினாங்க. வீடியோவே இருக்குது."

"ஜாத்திரையில சொன்னது கமிட்டிக்குச் செல்லாது. பாக்கி இருக்குதுன்னா கம்ப்ளைண்ட் குடுங்க, விசாரிப்போம். விசாரணை முடியற வரைக்கும் ரிலீஸ் கிடையாது. ஆட்டக்காரங்களைக் காப்பாத்தத்தான்..."

ஒரு வருடம் விழுந்து எழுந்து, முழங்கை தோல் உரிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்த பெண். காசு வாங்கிவிட்டேன் என்று அவளே தன் கையால் எழுத வேண்டும். கொடுக்காதவர்கள் இரண்டு பேரும் அம்மனிடம் திட்டு வாங்கிய சந்தோஷத்தில் வீட்டில் இருக்கிறார்கள். எழுந்தேன். நாற்காலி பின்னால் போய் விழுந்தது. வாயைத் திறந்தேன். தெருவில் வராத வார்த்தையெல்லாம் அப்போது வந்து நாக்கில் நின்றது.

என் பெண் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கோல் கீப்பர் பிடி. வலது கையால் எழுதிக்கொண்டே இருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"வேஷம் கலைச்சாச்சு நைனா. உக்காரு."

பாக்கி ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என் நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தது. நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தேன்.