தொட்டிக்குள் வைத்த கல்

கழனிவாசல் பக்கம் ஆரோக்கிய ஷீலாவை இன்னும் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் பள்ளிக்கூடத்துப் படியேறிப் பதினான்கு மாதம் ஆகிறது என்பது தெரியாமல் இல்லை. வாய்க்குப் பழகிப்போன பேரை யார் மெனக்கெட்டு மாற்றுவார்கள்? ஆனால் ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சுருக்கென்று இருக்கும். ஏழு வருசம் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தவள், இப்போது எடுப்பதெல்லாம் மாமனாரின் மூத்திரத் துணிதான்.

மாமனார் சூசைமரியான் கொத்தனார். பூப்போட்ட ஆத்தங்குடிச் சிமெண்டுக் கல்லைத் தரையில் பதிப்பதில் காரைக்குடி வட்டாரத்தில் பேர் வாங்கியவர். வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே பக்கவாதம் வந்து சாய்ந்தார். வலது கை, கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. ஒரே மகன் ஜான் பீட்டருக்குக் கத்தாரில் வேலை. "நீதான் பாத்துக்கணும் ஷீலா" என்று போனில் சொல்லிவிட்டான். சொல்வதற்கு என்ன, கடல் தாண்டி இருக்கிறவனுக்கு வாய்தானே வேலை செய்ய வேண்டும். அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

போன லீவில் வந்தபோது ஜான் பீட்டர் உருப்படியாக ஒரு காரியம் செய்தான். இரண்டடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி வாங்கி அப்பாவின் கட்டிலுக்கு எதிரே வைத்தான். ஐந்து ஏஞ்சல், ஒரு கோல்டு பிஷ். அதுவரை அவள் கண்ணில் படாவிட்டால் கட்டில் சட்டத்தை இடது கையால் தட்டிக்கொண்டே இருந்த மனுசன், மீன் வந்த நாளிலிருந்து மணிக்கணக்காகச் சத்தம் காட்டாமல் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஷீலாவுக்கு நிம்மதியாகக் குளிக்க முடிந்தது.

அந்த நிம்மதியில்தான் அவளுக்கு ஆசை வந்தது. பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இடம் காலியாக இருந்தது. போய்ப் பார்த்தாள். தலைமையாசிரியை சிஸ்டர் நல்லவர், ஆனால் கறார்.

"வர்ற திங்கட்கிழமை சேந்துருங்க. அடுத்த மாசம் ஒங்களுக்கு நாப்பது வயசு முடியுது. அதுக்கப்புறம் நானே நெனச்சாலும் எடுக்க முடியாது."

பகலில் மாமனாரைப் பார்த்துக்கொள்ள நாலு வீடு தள்ளியிருக்கும் கிழவி, தெருவுக்கே ஆயி, சம்மதித்தாள். அதற்கு முன்னால் ஒரு வாரம் ஷீலாவோடு கூட இருந்து பார்க்கிறேன் என்றாள்.

"ஐயா மீனப் பாத்துக்கிட்டு இருந்தாகன்னா எனக்கென்ன தொந்தரவு டீச்சர். மொரண்டு பிடிச்சாகன்னாத்தான் என்னால ஆகாது. எனக்கே இடுப்பு ஒழுங்கா இல்ல."

ஆக, ஷீலாவின் வேலை ஆறு மீன்களின் செதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி ஏதோ படிந்திருந்தது. அவள் ஆட்டோ பிடித்து மீன் கடைக்கு ஓடினாள்.

"தண்ணி ஓட்டமில்லாமக் கெடந்தா அப்படித்தாங்க ஆகும்" என்றார் கடைக்காரர். "தண்ணிக்குள்ளயே போடுற குட்டி மோட்டார் இருக்கு, கொண்டுபோய்ப் போடுங்க. தண்ணி சுத்தி வந்துச்சுன்னா மீன் தெளிஞ்சிரும். ஆனா அடியில கெடக்குற கூழாங்கல்லு மேல வைக்காதீக. அழுக்க இழுத்து அடச்சுக்கிரும். கொஞ்சம் உசரத்துல இருக்கட்டும்."

உள்ளங்கையளவு மோட்டார்தான். முதுகில் நாலு ரப்பர் இருந்தது, கண்ணாடியில் ஒட்டிவைக்க. பாசி பிடித்த கண்ணாடியில் அது ஒட்டவே இல்லை, வழுக்கி வழுக்கிக் கீழே போனது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயே கை போகாது என்பார்கள், அவளுக்குத் தொட்டிக்குள் போகவில்லை. சுற்றிப் பார்த்தாள். மாமனார் கடைசியாகச் செய்த வேலையில் மிச்சமான ஆத்தங்குடிக் கற்கள் கொல்லைப்புறத்தில் அடுக்கியபடி கிடந்தன, பதிக்காத புதுக் கல். உடைந்த துண்டுகளாகப் பார்த்து ஆறேழு எடுத்துக் கழுவி, மூலையில் அடுக்கி, மேலே மோட்டாரை உட்காரவைத்துச் சுவிட்சைப் போட்டாள்.

தண்ணீர் அசைந்தது. மேலே கிடந்த படலம் கலைந்து ஓரத்துக்குப் போனது. மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து வாலை அடித்து அடித்து நீந்தின. எவ்வளவு நீந்தினாலும் அதே இடத்தில்தான் நின்றன. சிவப்பும் பச்சையுமாகக் கல்லின் பூ அடியில் அழகாகத் தெரிந்தது. ஆயிகூட, "கோயில் தெப்பக்குளம் கணக்கா இருக்கு டீச்சர்" என்றாள்.

சூசைமரியான் மட்டும் அன்று சாயங்காலமே சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தார்.

தண்ணீர் கொடுத்தாள், தட்டிவிட்டார். திருப்பிப் படுக்கவைத்தாள், இடது கையைத் தூக்கித் தொட்டியைப் பார்த்து வீசினார். தொண்டையிலிருந்து ஆ, ஆ என்று சத்தம் வந்தது. மோட்டார் இரைச்சல் பிடிக்கவில்லை போல என்று நினைத்தாள். வியாழக்கிழமையும் அதே கூத்து. ஆயி ஊட்டிய கஞ்சிக் கிண்ணம் பறந்துபோய் விழுந்தது.

ஷீலாவுக்குள் அப்போது ஒரு சந்தேகம் விழுந்தது. இத்தனை நாள் சாதுவாகக் கிடந்தவர், அவள் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள் என்று காதில் விழுந்த வாரத்தில்தானா ஆட வேண்டும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்கிற கதைதான் இது. வெள்ளிக்கிழமை இரண்டு ஏஞ்சல் செத்து மிதந்தன. அவர் போட்ட கூச்சலில் ஆயி காதைப் பொத்திக்கொண்டாள். ஷீலாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"நான் வெளிய போறது ஒங்களுக்குப் பொறுக்கல, அதானே மாமா? காலமெல்லாம் இந்தக் கட்டில் காலோட என்னையும் கட்டிப்போட்டுக்கணும். நல்லாக் கட்டுங்க."

சொல்லிவிட்டுக் கட்டிலைப் பிடித்து இழுத்து, அவர் முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டாள். தொட்டி அவர் முதுகுக்குப் பின்னால் போனது. அவர் இடது கையால் சுவரைக் கொஞ்ச நேரம் தட்டினார், பிறகு அதையும் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலையில் மேலும் இரண்டு போயின. ஆயி அவளை வாசலுக்குக் கூப்பிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கோவிச்சுக்கிறாதீக டீச்சர். என்னால ஆகாது."

மாமனார் காதில் விழக்கூடாதென்று கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டு சிஸ்டருக்குப் போன் போட்டாள். வர முடியவில்லை என்றாள். "சரிம்மா, அடுத்தவங்களக் கூப்பிட்டுர்றேன்" என்று அந்தப் பக்கம் உடனே வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். பதினான்கு மாதத்துக்குப் பிறகு திறந்த கதவு மூடுவதற்கு ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகலாமென்றால் மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மிச்சமிருந்த இரண்டு மீனையாவது பார்ப்போம் என்று பழைய தண்ணீரை இறைக்கத் தொட்டிக்குள் கையை விட்டாள். வழக்கமான தண்ணீர் மாதிரி இல்லை. விரலோடு விரல் உரசினால் சோப்பு போட்டதுபோல வழவழவென்று இருந்தது. முந்தின நாள் அரிவாள்மனையில் விரல் வெட்டுப்பட்ட இடம் எரிந்தது. இந்த எரிச்சலைப் பற்றி அவள் கேட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் மாமனார் வேலை முடிந்து வந்து வெடித்த விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவார். "சிமிட்டியில இருக்குற சுண்ணாம்பு தின்னுபுடும்மா" என்பார். புதுக் கல்லை ஊறப்போட்ட தண்ணீரை வேலை முடிந்ததும் முதல் காரியமாகக் கவிழ்த்துவிட்டுத்தான் கால் கழுவுவார். கோழி வாய் வைத்தால் செத்துப்போகும் என்பார். பத்து வருசம் கேட்ட பேச்சு.

ஷீலா கையைத் தொட்டிக்குள் விட்டபடியே நின்றாள். அவர் வாயில்லாமல் கத்தியது இந்தக் கல்லைப் பார்த்துத்தான். மீன் செத்தால் ஆயி நிற்கமாட்டாள், ஆயி நிற்காவிட்டால் மருமகள் போக முடியாது என்று கணக்குப் போட்டது அவர். கணக்கு டீச்சருக்குத்தான் தப்பாகிப்போனது.

கற்களை எடுத்து வெளியே எறிந்தாள். பாசியைச் சுரண்டி மோட்டாரைக் கண்ணாடியில் ஒட்டினாள். வாளி வாளியாக மாற்றுத் தண்ணீர் ஊற்றினாள். கோல்டு பிஷ் மட்டும் பிழைத்தது. கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, "கல்லத்தான் காட்டுனீகளா மாமா?" என்றாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேலைக்கு வரவில்லையென்று சிஸ்டருக்குப் போன் செய்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அவர் மறுபடி சட்டத்தைத் தட்டினார். இந்தத் தடவை ஷீலா தண்ணீர் எடுக்க ஓடவில்லை. கை எங்கே காட்டுகிறது என்று பார்த்தாள். முதலில் கடிகாரம். அப்புறம் கதவோரத்து ஆணியில் தொங்கிய அவளுடைய கறுப்புக் கைப்பை. அப்புறம் வாசல்.

அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"போயிட்டு வாரேன் மாமா. ஆயி இப்ப வந்துருவா."

இடது கையை லேசாகத் தூக்கி இறக்கினார். முகம் தொட்டியின் பக்கம் திரும்பியது. வாசல் கதவைச் சாத்திவிட்டு அவள் வீட்டைச் சுற்றி நடந்து கொல்லைப்புறம் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். அவள் ஏறியிருக்க வேண்டிய எட்டுப் பத்து பஸ் ஆரன் அடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தது. உள்ளே மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

பள்ளிக்கூடம் விட நாலரை ஆகும். பத்து மணிக்கு அவருக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும்.