பழைய ரோட்டு பாலா

சிங்கப்பூர் ஈசூனில் பாலகிருஷ்ணன் என்றால் எந்தப் பாலகிருஷ்ணன் என்று கேட்பார்கள். பழைய ரோட்டு பாலா என்றால் புளோக் எண்ணோடு சொல்லிவிடுவார்கள். முப்பத்தோரு வருஷம் துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரி ஓட்டியவர். நாளெல்லாம் விரைவுச்சாலையிலேயே கிடந்த மனுஷன், சொந்தக் கார் வாங்கியதும் இனி அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போனாலும் செம்பவாங் ரோடு, தாம்சன் ரோடு என்றுதான் போவார். மகன் ரித்திக் பின்சீட்டில் பெருமூச்சு விடுவான்.

“அது வேலைக்குப் போற ரோடு லா. ஊரு பாக்குற ரோடா அது?” என்பார் பாலா.

மனைவி பூவம்மாவின் ஒரே தங்கை லட்சுமி மலேசியாவில் மூவாரில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவளைப் பார்க்கப் போவார்கள். விரைவுச்சாலையில் போனால் இரண்டரை மணி நேரம். பாலாவின் கடலோரச் சாலையில் நாலு. பொந்தியானில் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீ, பத்து பகாட் ஊரைத் தாண்டி ஒரு மீன் கடை, பாரிட் ஜாவாவில் இறங்கி நின்று படகு பார்ப்பது. முதலில் முணுமுணுத்த பூவம்மாவுக்கும் போகப் போக அது பிடித்துவிட்டது. பஃபலோ ரோட்டில் வாங்கிய மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி வருவாள். வாசலிலேயே காத்து நிற்கும் லட்சுமி, “என்ன அத்தான், ஆமையில ஏறியா வந்தீங்க?” என்று கேலி செய்துவிட்டுத்தான் பூவை வாங்குவாள்.

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை லட்சுமியின் மகள் ரக்‌ஷனா ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள். “பெரியம்மா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. இன்னைக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

காரில் ஏறும்போதே பூவம்மா சொன்னாள்: “என்னங்க, இன்னைக்கு மட்டும் ஹைவேல போங்க.”

“ஸ்கூல் லீவு ஆரம்பிச்சாச்சு. ஜாம்ல மாட்டுனா அவ்வளவுதான். என் ரோடு எனக்குத் தெரியும், பேசாம வா.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நியாயத்தைவிடப் பிடிவாதம் அதிகம் இருந்தது. அது அவருக்கே தெரியும்.

பொந்தியானில் நிற்கவில்லை. பத்து பகாட்டுக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. செம்பனைக் குலை ஏற்றிய மூன்று லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. ஒற்றைத் தடம், முந்த வழியில்லை. லாரி ஓட்டியே வாழ்ந்தவருக்கு லாரிக்காரனைத் திட்ட வாய் வரவில்லை. பூவம்மா கைபேசியைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

ரக்‌ஷனா ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தாள். “இருபது நிமிஷம் ஆச்சு பெரியம்மா,” என்று கட்டிக்கொண்டு அழுதாள்.

சேதி கேட்டு மதியமே தனியாகக் காரில் கிளம்பி வந்த ரித்திக், ஒன்றும் தெரியாமல் சொன்னான்: “ஹைவே காலிப்பா. ரெண்டே கால் மணி நேரத்துல வந்துட்டேன்.” பாலா எழுந்து வெளியே போய்விட்டார்.

பூவம்மா திட்டினால் தேவலை என்று அவர் இரண்டு நாளாக அவள் முன்னால் போய்ப் போய் நின்றார். அவளோ, “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

பால் தெளித்து முடிந்த மறுநாள் ஊருக்குக் கிளம்பினார்கள். மூவாரை விட்டு வெளியே வந்ததும், சாலை பிரியும் இடத்தில் பாலா விரைவுச்சாலைப் பக்கம் சிக்னல் போட்டார்.

“எங்க திரும்புறீங்க?”

“ஹைவேல போயிடலாம் பூவு. சீக்கிரம் போயிடலாம்.”

அவள் கைகள் மடியில் வெறுமனே கிடந்தன. குரலில் கோபமே இல்லை.

“இனிமே என்னங்க அவசரம்? உங்க ரோட்டுலயே போங்க.”

சிக்னலை அணைத்தார். பாரிட் ஜாவாவில் அவர் நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் போய் வந்த சாலை எவ்வளவு நீளம் என்று பாலாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.