கைப்பிடியை விடாதவன்

படம் ஒரு தடவையாவது நின்றதா? அதைச் சொல்லிவிட்டு ஆர்வில்லைத் திருடன் என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டு ஐடாவிடம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை வறண்டுபோயிற்று. "நின்னா என்ன, நிக்காட்டி என்ன? நரித்தோல் அவன் படம் ஓட்டுற ரூம்லதானே கிடைச்சுது!" என்பாள்.

எங்கள் ஊர்க் கொட்டகையில் படம் தானாக ஓடாது. மாடியறையில் நின்று ஆர்வில் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கை நின்றால் விளக்குச் சூட்டில் படச்சுருள் பற்றிக்கொள்ளும். தீவனக் கடை ஹாஸ்கின்ஸின் மனைவி, படம் தொடங்கும்போது, தோளில் சுற்றி வந்த விலையுயர்ந்த நரித்தோலை நாற்காலி முதுகில் போட்டாள். பாதியில் காணோம் என்று அலறினாள். அவள் அலறும்போதும் திரையில் குதிரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் கை எங்கே இருந்தது என்பதை ஊரே உட்கார்ந்து பார்த்தது. பார்த்து என்ன பயன்?

ஆர்வில் என் வீட்டு மேலறையில் குடியிருந்தான். துப்பறிவாளனாக வேண்டும் என்று பித்து. தபாலில் பாடம் வரவழைத்தான். கூடவே 'துப்பறிவாளன்' என்று பொறித்த ஒரு தகர வில்லை வந்தது. வெளியே குத்திக்கொள்ள வெட்கப்பட்டு, கோட்டின் உள்பக்கம் குத்திக்கொள்வான். என் மாவை அள்ளி வாசற்படியில் தூவிக் காலடி பார்ப்பான்.

"ரொட்டிக்கு வெச்ச மாவுடா அது, பாவி!"

"பால்காரருக்கு இடது கால் ஊனம்மா. இங்க பாருங்க, இழுத்து வெச்சிருக்காரு."

பால்காரருக்கு ஊனமுமில்லை, ஒன்றுமில்லை. செருப்பின் அடி கழன்றிருந்தது. அவன் துப்பெல்லாம் அந்த லட்சணம்தான்.

கொட்டகையில் ஊமைப்படத்துக்குப் பியானோ வாசித்த வெர்னாவின் மேல் அவனுக்கு உயிர். அவளுக்குப் பிடித்த பாட்டு வரும் காட்சியில் மெதுவாகச் சுற்றுவான். திரையில் ஆட்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல நடப்பார்கள். ஜனம் சீட்டியடிக்கும், அவன் காதில் விழாது.

நரித்தோல் அவன் படம் ஓட்டும் மாடியறையில், ஒரு காலிச் சுருள் பெட்டிக்குள் கிடைத்தது. அன்றிரவு அடுப்படியில் அவனைப் பிடித்தேன்.

"மாடியறைச் சுவர் ஓட்டை வழியா கொட்டகை முழுக்க உனக்குத் தெரியுமே. யாருடா எடுத்தது?"

"பார்த்தேம்மா."

"அப்ப சொல்லித் தொலையேன்! பெரிய துப்பறியற ஆளு!"

"சொன்னா வெர்னா நாளைக்கு எந்த முகத்தோட வந்து பியானோ முன்னாடி உக்காருவா?"

வெர்னாவின் அப்பன் டெல்மர்தான் வாசலில் சீட்டுக் கிழிப்பவன். சுருள் பெட்டிகளை மாடிக்குச் சுமப்பவனும் அவனே. இப்போது டெல்மர் கல்லறையில். வெர்னா வேறு ஊரில். அதனால்தான் வாயைத் திறக்கிறேன்.

கொட்டகைக்காரர் ஆர்வில்லை நிறுத்திவிட்டார். வேறு யாரும் வேலை தரவில்லை. தெருவில் அவன் வந்தால் பெண்கள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

பனி பெய்து ஓய்ந்த ஒரு காலையில் பெட்டியோடு இறங்கி வந்தான். "வரேம்மா. மாவு இனிமே உங்களுக்கு மிச்சம்" என்றான். கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தேன். என் படியிலிருந்து அவன் காலடிகள் எதிரே வெர்னா வீட்டுக் கேட்டுக்குப் போயிருந்தன. அங்கே இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில். "ஒருத்தன் ரொம்ப நேரம் நின்னா அடியில பனி உருகி இறுகிடும்மா" என்று சொல்லியிருக்கிறான். தொட்டுப் பார்த்தேன். கண்ணாடியாக இறுகியிருந்தது. அதற்கப்புறம் காலடிகள் ஸ்டேஷன் பக்கம் திரும்பின.

ஐடா வீட்டுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அவள் கண்ணில் படுமுன் நான் துடைப்பத்தை எடுத்துவந்து, அந்தக் கேட்டடியில் பனியைப் பெருக்கி மூட ஆரம்பித்தேன்.