விரல் கணுவில் நீட்டு வார்த்தைகள்

எனக்கு ரோஷம் வந்தால் சோறு இறங்காது. ஒரே ஒரு ஆங்கில வார்த்தையால் அப்படி இரண்டு நாள் தட்டைத் தள்ளி வைத்தேன்.

மலேசியாவில் கூலிம் ஊரில், கம்ப்யூட்டர் சிப் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருஷமாக வேலை. லைனில் நாங்கள் எந்தப் பழுதையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மேல்படலம் உரிந்து வந்தால் 'டீலேம்', அவ்வளவுதான். பயிற்சியாளர் வேலைக்குத் தேர்வு வைத்தார்கள். ஆங்கில விதிமுறைத் தாளை வாய்விட்டு வாசிக்க வேண்டும். 'டீலேமினேஷன்' வந்தது. பழக்கதோஷம், 'டீலேம்' என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டேன். தேர்வு நடத்திய மேனேஜர் அம்மா திட்டவில்லை, தாளை மட்டும் மூடினார். அதுதான் சுட்டது.

மறு தேர்வுக்கு ஆறு மாதம் இருந்தது. என் ஊர் பாலிங்கிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில், கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு, கணுவுக்கு ஒரு துண்டாக வார்த்தையை வைத்துப் பார்த்தேன். டீ, லே, மி, நே, ஷன். ஐந்தே கணு! இதற்கா பயந்தேன்? பக்கத்து சீட் அக்கா, அவரும் என் லைன்தான், விடவில்லை.

"என்னடி, சர்ச்சுக்குப் போக நேரமில்லன்னு பஸ்ஸுலயே ஜெபமாலை உருட்டுறியா?"

"ஆமாக்கா, உங்களுக்கும் சேர்த்துதான்லா."

உருட்ட உருட்ட இன்னொன்றும் பிடிபட்டது. சில துண்டுகளுக்குப் பொருள் இருந்தது. 'மிஸ்' முன்னால் வந்தால் ஏதோ தப்பு. 'பிள்' பின்னால் வந்தால் பெரும்பாலும் 'செய்ய முடியும்' என்று அர்த்தம்.

மறு தேர்வில் தாளைத் தடுமாறாமல் வாசித்தேன். மேனேஜர் அம்மா சும்மா விடவில்லை. தாளில் இல்லாத ஒரு வார்த்தையைப் பலகையில் எழுதினார்: இர்ரிவர்ஸிபிள். அதை நான் கண்டதே இல்லை. கையை ஒளிக்காமல் அவர் முன்னாலேயே கணுவைத் தொட்டேன். நடுவில் இருந்தது எங்கள் வீட்டுக் காரின் ரிவர்ஸ். முன்னால் 'இர்', 'இர்ரெகுலர்' என்பதில் வரும் அதே 'இல்லை'. பின்னால் 'பிள்'.

"திரும்பிப் போக முடியாதது," என்றேன் மலாய் மொழியில்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். நானேதான் என்றேன். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை எனக்கு.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"வேலை கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சுக்கா."

இந்த முறை கிண்டல் வரவில்லை. உள்ளங்கையை விரித்து என் மடியில் வைத்தார்.

"இந்தா, அந்த டீலேம முழுசா என் கையில வையி. அடுத்த தேர்வுக்கு நான் போறேன்."