ஒத்தக்கை டேனியின் குதிரை

பொம்மையார்பாளையத்துக் கடற்கரை விடுதி ஒன்றில் போன வாரம் ஒரு கூத்தைப் பார்த்தேன். தொப்பி வைத்த ஒரு இளைஞன் பளபளப்பான அட்டைப்பெட்டியைத் திறந்து, கௌபாய்களும் பூதங்களும் வரும் கதையாட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தான். ஆளுக்கொரு வீரனாம், பல முகப் பகடையாம், "தமிழ்நாட்டுக்கே இது புதுசு சார்" என்றான். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெட்டியிலிருந்து புது அட்டை வாசனை வேறு.

எங்கள் பெட்டியில் ரப்பர் செருப்பு வாசனை அடிக்கும். பழைய செருப்புப் பெட்டிதான் அது. திண்டிவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், வாடகை நூலகத்துக் கௌபாய் காமிக்ஸ்களைத் தின்று தீர்த்த கொழுப்பில், நானே ஓர் ஆட்டம் உருவாக்கினேன். நீள நோட்டு இரண்டு நிறைய விதிகள். குதிரைக்கு மட்டும் இருபது பக்கம். நான் அதுவரை அருகில் பார்த்த ஒரே குதிரை, விழுப்புரத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு மாப்பிள்ளையைக் கீழே தள்ளியது. விக்கிரவாண்டிச் சாப்பாட்டுக் கடைகளைக் கௌபாய்கள் குடிக்கும் சலூன்களாக்கினேன். மந்திரத் தோட்டா கண்டாச்சிபுரம் சந்தையில் கிடைக்கும். இவ்வளவு அசட்டுத்தனத்துக்கும் நான் என்னை மேதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல முகப் பகடைக்கு எங்கே போவது? பஸ் டிக்கெட்தான். டிக்கெட் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் விதியைச் சொல்லும். பத்துக்குக் கீழே வந்தால் சாவு. அதற்காக, வேலைக்குப் போய்வரும் விழுப்புரம் பஸ்ஸில் தினமும் குனிந்து கிழிசல்களைப் பொறுக்கிப் பெட்டியில் சேர்ப்பேன். "இன்னாப்பா, கீழ இன்னா தேடிக்கினு கீற?" என்று கண்டக்டர் கேட்டால், "சில்லறை விழுந்திருச்சிங்க" என்பேன்.

ஞாயிறு பிற்பகல்களில் திண்டிவனம் ரயில் நிலைய பெஞ்சில் ஆடுவோம். பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டு வரும் ஸ்டெல்லா டீச்சர், கோட்டக்குப்பத்திலிருந்து வரும் ரஃபி, நான். வீரன் செத்தால் அவன் விவரம் எழுதிய தாளைப் பொட்டலமாக மடித்து, அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி மூவரும் தின்ன வேண்டும். செத்தவனுக்கு நாங்கள் செய்யும் காரியம் அதுதான். ரஃபியின் வீரன் ஒத்தக்கை டேனி மட்டும் ஒன்றரை வருடம் சாகவே இல்லை. ரஃபி அந்தத் தாளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தான்.

ஒரு ஞாயிறு, பெட்டியிலிருந்து டிக்கெட் எடுத்துக்கொண்டே ரஃபி சொன்னான்: "விசா வந்திருச்சி. வியாழக்கிழமை ஷார்ஜா போறேன். என் ஆள கொன்னுடாத. நான் வர்ற வரைக்கும் பாலைவனத்துல அப்டியே நிக்க வெச்சிரு." தாளை என்னிடம் கொடுத்துவிட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லையே என்ற அற்பக் கோபம். அடுத்த ஞாயிறு டேனிக்காகப் பெட்டிக்குள் கையை விட்டேன். அறுபத்து நாலு. உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "பூஜ்யம் நாலு, டேனி காலி" என்றேன்.

"டிக்கெட்ட காட்டுங்க" என்றார் ஸ்டெல்லா.

"ஆட்டத்த நடத்தறவன் நானு."

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மறுபடி வரவில்லை. டேனியின் பொட்டலத்தில் மல்லாட்டை வாங்கி நான் ஒருவனே தின்றேன். வெட்கங்கெட்டவன், ஒரு பருப்பு மிச்சம் வைக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து விடுப்பில் வந்த ரஃபி, எனக்கு ஒரு சட்டைத்துணியை நீட்டிவிட்டு முதலில் கேட்டது, "என் ஆளு கீறானா?" என்றுதான்.

"கீறான்" என்றேன். அவனை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு அறைக்கு ஓடி, நினைவிலிருந்து புதுத் தாள் ஒன்று எழுதிக் கொண்டுவந்து கொடுத்தேன். குதிரையின் பெயர் மட்டும் ஞாபகம் வரவில்லை. ஏதோ ஒன்றைப் போட்டிருந்தேன்.

ரஃபி நிதானமாகப் படித்தான். "குதிர பேரு இது இல்ல" என்றான். பிறகு தாளைப் பொட்டலமாக மடித்து என் பக்கம் நீட்டினான். "மல்லாட்டை வாங்கினு வா."

வாங்கி வந்தேன். இருவரும் தின்றோம். சரியான பெயரை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு விடுப்பில் வந்தாலும் என்னைத் தேடி வருவதில்லை.

அந்த டிக்கெட்டுகள் இப்போது இல்லை. மிஷினில் வருவது சட்டைப்பையிலேயே வெளுத்துவிடுகிறது. செருப்புப் பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது.

தொப்பிக்காரன் என்னிடமும் ஒரு தாளை நீட்டி, "உங்க வீரன் பேரு எழுதுங்க சார்" என்றான். ஒத்தக்கை டேனி என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் குதிரையின் பெயர் கேட்டிருந்தது. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.