ஓராண்டுக்கு வேறு கை படக்கூடாது

பழவேற்காட்டுச் சந்தையில் இருசம்மாளிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. ஒல்லாந்தர் கோட்டைச் சமையல்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து விலையைக் குறைக்கப் பார்ப்பான். பொத்திய மூக்கை அவன் திறப்பதற்குள் மீன் அவன் கூடையில் விழுந்திருக்கும், காசு இவள் முந்தானையில் ஏறியிருக்கும். பெரிய வீட்டுக் கைருன் பீவிகூட, இவளிடம் வாய் கொடுப்பதைவிடக் கேட்டதைக் கொடுத்துவிடுவது உடம்புக்கு நல்லது என்பாள். அப்பேர்ப்பட்டவளை ஒரு முழம்கூட இல்லாத காகிதம் ஒன்று இரண்டு மாதம் ஆட்டிப் படைத்தது.

அந்த வருஷம் ஊரெல்லாம் தருமலிங்கத்தின் படகுப் பட்டறையைப் பற்றித்தான் பேச்சு. ஏரிக்கரைக் குப்பங்களில் பலகையைக் கயிற்றால் தைத்துப் படகு கட்டுவார்கள். தருமலிங்கமோ சீமைக் கப்பலைப் பார்த்து இரும்பாணி அடித்துக் கட்டினான். இருசம்மாள் தன் காதுத் தோடுகளைக் கழற்றிக் கொடுத்து அதில் ஒன்றை வாங்கினாள். படகைவிட அவளுக்குப் பிடித்துப்போனது அதோடு வந்த சீட்டு. பட்டறைக் கணக்குப்பிள்ளை சுப்பராயலு அதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் எந்தப் பழுது வந்தாலும் பட்டறையே காசு வாங்காமல் சரிசெய்து தரும். அந்த ஓராண்டும் படகின்மேல் வேறு கை படக்கூடாது. பட்டால் சீட்டு செல்லாது.

முதல் பாதி அவள் காதில் தேனாக விழுந்தது. இரண்டாம் பாதி விழவே இல்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, யாருக்கும் விழாது.

வாங்கிய பதினோராம் நாள் முகத்துவாரத்தில் அவர்களுடைய பாடு வந்தது. கடலும் ஏரியும் சேரும் இடத்தில் இறால் கூட்டமாக ஓடிவரும். ஆனால் அங்கே ஒரு நாளைக்கு நாலு படகுதான் வலை போட முடியும். குப்பத்தில் படகு அறுபது. அதனால் சீட்டுக் குலுக்கி முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும். பொழுது விடியும்போது படகு இடத்தில் நிற்காவிட்டால் முறை போச்சு. தொடர்ந்து மூன்று முறை தவறினால் பட்டியலிலிருந்து பெயரே போச்சு. பெயர் போன வீடு அப்புறம் அடுத்தவன் வலையை இழுத்துக் கூலி வாங்க வேண்டியதுதான்.

அன்றைக்கு வலை நிறைய இறால். புருஷன் குப்பனும் அவன் தம்பிகள் இருவரும் வலையைப் படகில் ஏற்றினார்கள். ஏற்றியதும் பின்பக்கப் பலகைப் பொருத்தில் தண்ணீர் கொப்பளித்தது. பாதி இறாலை ஏரிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தார்கள். குப்பன் பொருத்தைத் தடவிப் பார்த்தான்.

"அரை நாள் வேலதாம்மே. நாரு திணிச்சி, குங்கிலியத்த காச்சி ஊத்தினா நின்னுடும்."

"கைய எடுய்யா! சீட்டு கீது இல்ல? அவனே செஞ்சி தரட்டும். தோடு குடுத்துகீறேன், சும்மாவா?"

அந்தக் கையை எடுக்கச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய ஆரம்பித்தாள்.

பட்டறையில் வந்தவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். மோர் நன்றாக இருந்தது. பட்டறையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். மூன்று நாள் மோர் குடித்த பிறகு சுப்பராயலு படகருகே வந்து குனிந்து முகர்ந்தார்.

"இன்னாம்மா பூசினே இதுல?"

"சொறா எண்ணெ சாமி. பொறந்த கொழந்தைக்கு எண்ணெ வெக்காம இருப்பாங்களா? புதுப் படகுன்னா பூசித்தான எறக்குவோம்."

"போச்சு. வேற கை பட்டுடுச்சு. பட்டறை எண்ணெயத்தான் பூசணும்."

"பட்டறை எண்ணெ இன்னா எண்ணெ?"

"சொறா எண்ணெதான். ஆனா பட்டறைது."

பட்டறைக்குச் சுறா எண்ணெய் காய்ச்சி விற்பவள் இருசம்மாளின் ஓரகத்தி தேவகி. இரண்டும் ஒரே பானையில் காய்ந்த எண்ணெய். இதைச் சொன்னதும் சுப்பராயலு, எண்ணெய் பட்டறை வாசலைத் தாண்டும்போது அதன் குணம் மாறிவிடுகிறது என்றார். பிறகு பெரிய மனசு பண்ணி, இந்த ஒரு தடவை மன்னிப்பதாகச் சொல்லிப் படகைச் சோதிக்க உத்தரவிட்டார்.

சோதனை பட்டறைக் குட்டையில் நடந்தது. முழங்கால் அளவு தண்ணீர், வெறும் படகு. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

"பழுது ஒண்ணும் தெரியலயே?"

"மூணு ஆளும் வலையும் ஏறினாத்தான் சாமி ஒழுவுது!"

"படகு ஒழுவக்கூடாதுன்னுதான் சீட்டுல கீது. ஆள் ஏறினா ஒழுவக்கூடாதுன்னு இல்லயே."

எட்டு நாள் கழித்துப் படகைத் திருப்பிக் கொடுத்தார்கள். தேய்த்துக் கழுவி, முகப்பில் மஞ்சள் வர்ணம் அடித்து, கல்யாணப் பெண் மாதிரி அனுப்பினார்கள். குப்பம் முழுக்க வந்து பார்த்தது. ஏரியில் இறக்கி ஆள் ஏறியதும் அதே பொருத்தில், அதே வேகத்தில் தண்ணீர் வந்தது. ஓட்டையின் ஓரத்தில்கூட அழகாக வர்ணம் அடித்திருந்தார்கள். மறுபடி பட்டறை, மறுபடி மோர். இந்தத் தடவை சுப்பராயலு பழுது இருப்பதை ஒப்புக்கொண்டார்.

"ஆணி மாத்தணும். அந்த அளவு ஆணி சீமைலேர்ந்து கப்பல்ல வரணும்."

"எப்ப வரும்?"

"கப்பல் வரும்போது."

பக்கத்துத் தெருக் கொல்லன் அதே ஆணியை மத்தியானத்துக்குள் அடித்துத் தருவான். ஆனால் அவன் வேறு கை. அதுவரை ஓட்டிக்கொள்ள என்று பட்டறை ஒரு கட்டுமரத்தைக் கொடுத்தது. மூன்று கட்டைகள் சேர்ந்தது அது; அதில் ஒரு கட்டை மற்ற இரண்டோடும் பேச்சுவார்த்தை இல்லாமல் தனியாகப் போனது. அதை நம்பி முகத்துவாரத்துக்குப் போகிறவனுக்கு முன்கூட்டியே பால் ஊற்றிவிடலாம்.

இப்படியே ஒரு பாடு போயிற்று. இன்னொன்றும் போயிற்று. மூன்றாவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது பச்சைமுத்து நாட்டார் வீட்டுக்கு வந்தார். குப்பத்துக்குத் தலைவர், நல்லவர், முறை என்று வந்தால் பெற்ற பிள்ளைக்கும் விட்டுக்கொடுக்காதவர்.

"திங்கக்கெழம விடியும்போது படகு நிக்கணும் இருசம்மா. இல்லன்னா பேரு எடுக்கறதத் தவிர எனுக்கு வேற வழி இல்ல."

"சீட்டு கீது நாட்டாரே..."

"இறாலுக்குப் படிக்கத் தெரியாதும்மா."

அவர் போன பிறகு குப்பன் சத்தம் போட்டான். ரெண்டு மாசமா அரை நாள் வேலையைச் செய்ய விடாம கையைக் கட்டிப் போட்டுட்டியே என்றான். இருசம்மாள் சீட்டை எடுத்துப் பார்த்து மறுபடி மடித்து வைத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. பேர் போய்விடுமே என்று ஒரு பயம். தோடும் போய்ச் சீட்டும் போனால் தான் ஏமாந்தவள் என்று சந்தையே சிரிக்குமே என்று இன்னொரு பயம். உண்மையைச் சொன்னால், இரண்டாவது பயம்தான் இத்தனை நாளும் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குப்பனையும் கொழுந்தன்மார் இருவரையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்ப்பதாகத்தான் நினைப்பு. சுப்பராயலு, முதலாளி ஊரில் இல்லை, நாளைக்கு வா என்றார். நாளைக்குத்தான் பாடு என்றாள். அப்படியானால் நாளை மறுநாள் வா என்றார். அதற்குள் கோட்டையில் மத்தியான மணி அடித்தது. அவர் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்தார்.

இருசம்மாள் கொல்லைப்பக்கம் போய்ப் படகைப் பார்த்தாள். அதற்குள்ளே கீல் காய்ச்சும் சட்டிகள், கிழிந்த பாய், தேங்காய் மட்டை. மஞ்சள் முகப்புக்குக் கீழே ஒரு கோழி முட்டைகளின்மேல் உட்கார்ந்து அவளை முறைத்தது. கோழி அடைக்கு உட்கார்ந்து பத்து நாளாவது ஆகியிருக்கும். தச்சர்களின் மேஸ்திரி தானியேல் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரி, இதுல யாருனா கை வெச்சீங்களா?"

அவன் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இல்ல தங்கச்சி. அரை நாள் வேலதான். செய்யின்னு யாரும் எங்கிட்ட சொல்லல. செய்யின்னு சொல்ல வேண்டியவருக்கு யாரு சொல்லணும்னு அவருக்கும் தெரியல."

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. பட்டறைமேல் பாதி, தன்மேல் பாதி. மயிலே மயிலே என்றால் எந்த மயில் இறகு போட்டது? கோழியையும் முட்டைகளையும் முறத்தில் எடுத்து மேஸ்திரி பக்கத்தில் பதமாக வைத்தாள். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"யோவ், கை வெய்யா."

நாலு பேரும் தள்ளினார்கள். தானியேல் வேறு பக்கம் பார்த்தபடி ஒரு தோள் கொடுத்தான். பொழுது சாய்வதற்குள் குப்பன் பொருத்தில் நார் திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி முடித்துவிட்டான். அவன் சொன்னபடி சரியாக அரை நாள்.

திங்கட்கிழமை விடியும்போது படகு முகத்துவாரத்தில் தன் இடத்தில் நின்றது. கரையிலிருந்து பச்சைமுத்து நாட்டார் தலையை ஆட்டினார். வலை மூன்று முறை விழுந்து மூன்று முறை நிறைந்தது. பொருத்தில் ஒரு சொட்டுக் கசியவில்லை. கரையில் இருசம்மாள் கூடை கூடையாக இறால் அள்ளிக்கொண்டிருந்தபோது சுப்பராயலு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். இரண்டு மாதத்தில் பட்டறை ஒரு வேலையைத் தாமதமில்லாமல் செய்தது இதுதான் முதல் தடவை.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? வேற கை பட்டுடுச்சு! சீட்டு செல்லாது! இனிமே இந்தப் படகுக்கும் பட்டறைக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல!"

அவள் அழுவாள், காலில் விழுவாள், இன்னொரு தடவை பெரிய மனசு பண்ணலாம் என்றுதான் அவர் வந்திருந்தார். இருசம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

"சாமி, அத்த இன்னொரு வாட்டி சொல்லுங்க. கடேசி வூட்டுக்கும் கேக்கற மாரி சத்தமா சொல்லுங்க."

ஒன்றும் புரியாமல் அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். கரையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இருசம்மாளுக்குச் சிரிப்பு வந்தது; கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"கேட்டுக்கினீங்களா நாட்டாரே? நீங்கதான் சாட்சி. வாங்கி ரெண்டு மாசம் ஆவுது. இன்னிக்குத்தான் இது எங்க படகு ஆச்சி."